தரையில் நின்ற ஒருவன்

படத்தில் நான்கு பெண்களும் ஓர் ஆணும் இருந்தார்கள். பெண்கள் நால்வரும் மிதந்தார்கள்.

வசுமதி கைப்பேசித் திரையில் இருந்த அந்த ஓவியத்தை இரண்டு விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாள். தேயிலைச் சரிவு. நடுவே ஒரு செம்மண் பாதை. பாதையோரத்தில் சேலையும் கூடையுமாக நான்கு பெண்கள். இருவர் குனிந்திருந்தார்கள், ஒருத்தி இடுப்பில் கை வைத்திருந்தாள், ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். ஒருத்தியின் பாதமும் மண்ணில் படவில்லை. எங்கிருந்தோ கத்தரித்துக் கொண்டுவந்து ஒட்டியதுபோல் காற்றில் நின்றார்கள். பாதையின் மேல்முனையில், முதுகில் நீல நிற மருந்துத் தொட்டியும் தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லாவுமாக எட்டு வைத்து இறங்கிவந்த ஆண் மட்டும் தரையில் நின்றான். அவன் குதிகாலுக்குக் கீழே மண் நசுங்குவதுகூடத் தெரிந்தது.

அவனைக் காட்டித்தான், தேயிலைக்கு மருந்தடிக்கும் தங்கராஜுவைப் போன வாரம் லோக்காப்பில் போட்டிருந்தார்கள்.

"அக்கா, கண்ணாடியை ஏத்துங்க," என்றான் விமலன். "கோழி எரு வாடை என் சோளத்துல ஏறுது."

ஈப்போ நகரில் வசுமதி நடத்தும் சிறிய துப்பறியும் அலுவலகத்தில் விமலன்தான் உதவியாள், ஓட்டுநர், தலைவலி. கார், மலைமேல் கியா பார்ம் சந்தையில், காய்கறிக் கடைகளுக்குப் பின்னால் நின்றது. முன்பக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் ஸ்ட்ராபெரித் தொப்பி மாட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். பின்பக்கத்தில் அழுகிய முட்டைக்கோஸ் இலைகள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. அவற்றின்மேல் ஈக்கள் மழைக்குக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தன.

"வாடை சோளத்துல ஏறலை," என்றாள் வசுமதி. "நீதான் சோளத்தைக் கொண்டுவந்து வாடைக்குள்ள வெச்சுத் தின்னுக்கிட்டிருக்க."

நேற்று இந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது அவளுக்கும் அந்த ஆணைத்தான் பிடித்திருந்தது. என்ன உயிர் என்று நினைத்தாள். அடுத்த கணமே, அப்படியென்றால் அவன் அங்கே இருந்திருக்கிறான் என்று நினைத்தாள். நன்றாக வரையப்பட்டிருந்தான் என்பதற்காகவே ஒருவனைக் குற்றவாளி என்று நம்பிவிட்ட அந்த ஒரு கணம், கெட்டுப்போன பாலைப்போல் இன்னும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோபம் என்றால் யார்மேலாவது எறிந்துவிடலாம். அருவருப்பை எறிய இடமில்லை. அது சொந்த வாயிலேயே இருக்கிறது.

தங்கராஜுவின் மனைவி பாஞ்சாலை கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தாள். பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கையில் மண் இருந்தது. மடியில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்கம்மா. கொலைன்னு எழுதிட்டா பெயில்கூடக் கெடையாதாமே."

"டீச்சர் இறந்த அன்னிக்கு அவர் எங்க இருந்தார்?"

"வீட்டுலதான். காய்ச்சல். நான் கடையில இருந்தேன். அவரு படுத்துக் கெடந்ததைப் பாத்தது எங்க வீட்டுப் பூனைதான்."

"பூனைக்கு சம்மன் அனுப்பலாம்லா," என்றான் விமலன்.

"அதுவும் அவரு பக்கம் பேசாதுய்யா. மீன் குடுக்கறது நானு."

விமலன் வாயை மூடினான். அவனை ஒரே வரியில் மூடவைத்தவர்கள் அதிகம் இல்லை. பாஞ்சாலை சிரிக்கவில்லை. அவள் அழாமல் இருப்பதற்காகப் பேசுகிறாள் என்பது வசுமதிக்குப் புரிந்தது.

"அந்த டீச்சரோட அவருக்கு என்ன சண்டை?"

"சண்டையா? மருந்தடிச்ச எடத்துல உக்காந்து படம் போட்டுக்கிட்டிருந்துச்சு அந்தப் புள்ள. எந்திரிச்சுப் போம்மா, தோலு வெந்துரும்னு கத்தியிருக்காரு. நல்லதுக்குக் கத்துனதை இப்ப வன்மம்ங்கறாங்க."

இறந்துபோன ஷர்மினி ஜொகூரிலிருந்து இங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை. வாரக் கடைசியில் பிரிஞ்சாங்கில் ஜெகதீஸ்வரன் என்பவரிடம் ஓவியம் கற்றாள். போன வாரம் சனிக்கிழமை தேயிலைச் சரிவில் தனியாக வரையப் போனாள். சாயங்காலம் பாதைக்குக் கீழே பள்ளத்தில் கிடந்தாள். பாதையில் ஓவியத் தாங்கியின்மேல் இந்தப் படம் மட்டும் இருந்தது. போலீஸ் ஜெகதீஸ்வரனைக் கூப்பிட்டுக் காட்டியது. அவர் பார்த்தவுடனே சொன்னாராம்: எங்கள் வகுப்பில் பெரிய ஓவியர்களின் படங்களிலிருந்துதான் ஆட்களை எடுத்துப் பழகுவார்கள், இந்த நான்கு பெண்களும் அப்படி வந்தவர்கள், ஆனால் இந்த ஆணை அவள் கண்ணால் பார்த்து வரைந்திருக்கிறாள்.

போலீஸ் காட்டியபோது கைப்பேசியில் பிடித்துக்கொண்ட அந்தப் படத்துக்குத்தான் ஜெகதீஸ்வரன் மறுநாளே திரையில் மாலை போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றியிருந்தார். 'என் மாணவியின் கடைசி ஓவியம்.' ஆயிரக்கணக்கானோர் இதயம் போட்டிருந்தார்கள்.

"அந்தப் படத்தை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள் வசுமதி.

"பாக்கலை. பாக்க மாட்டேன். அதுக்கு மாலை வேற போட்டிருக்காங்களாமே." பாஞ்சாலை கதவைத் திறந்தாள். "என் புருசனை அதுலேருந்து வெளிய எடுத்துக் குடுங்கம்மா. அது போதும்."

அவள் போனபின் விமலன் சோளக் கட்டையை ஜன்னல் வழியே எறியப் போய், வசுமதியின் பார்வையைக் கண்டு மடியில் வைத்துக்கொண்டான்.

"எங்க போறோம் அக்கா?"

"பிரிஞ்சாங்குக்கு. நீ ஓவியம் கத்துக்கப் போற."

"நானா? எனக்கு நேர்கோடே பாம்பு மாதிரி வரும்."

"அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

*

ஓவிய வகுப்பு ஸ்ட்ராபெரி வடிவத் தலையணைகள் விற்கும் ஒரு கடையின் மாடியில் நடந்தது. படிக்கட்டில் ஈரக் கம்பளமும் டர்பெண்டைனும் கலந்த நாற்றம். மேலே வாசலிலேயே ஷர்மினியின் புகைப்படம். ஆர்க்கிட் மாலை வாடியிருந்தது. அதன் அருகில் ஒரு விளம்பரத் தட்டி: 'நினைவுக் கண்காட்சி.' தட்டியில் அச்சாகியிருந்தது அதே படம். இறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் அச்சகம் வேலையை முடித்திருந்தது.

ஜெகதீஸ்வரனுக்கு அறுபது வயதிருக்கும். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, சாயம் படாத நகங்கள்.

"என் தம்பி சார்," என்றாள் வசுமதி. "சும்மா சுத்திக்கிட்டிருக்கான். ஏதாவது ஒண்ணு கத்துக்கட்டும்னு."

"பிறவியிலேயே கலைஞன் சார்," என்றான் விமலன். "பசியைச் சொல்றேன்."

ஜெகதீஸ்வரன் சிரித்தார். நல்ல சிரிப்பு. யாரும் நம்பிவிடக்கூடியது. அவனை ஒரு பலகையின் முன்னால் உட்காரவைத்தார். "நிலக்காட்சி எல்லாருக்கும் வரும் தம்பி. அதுல ஆளைக் கொண்டுவந்து வைக்கறதுதான் கஷ்டம். அதனால உடம்பை முதல்ல கடன் வாங்கணும்."

சுவர் முழுக்க ஐரோப்பிய வயல்கள். நூறு நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய ஓவியங்களின் அச்சுப் பிரதிகள். வைக்கோல் கட்டுபவர்கள், கிழங்கு தோண்டுபவர்கள், ஆட்டோடு நிற்கும் பெண், கடைசியில் விதை தூவும் ஒருவன். ஐந்தாறு மாணவர்கள் ஆளுக்கொரு பிரதியின் முன்னால் உட்கார்ந்து உடல்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கிழங்குக்காரியின் தலைத்துணியை அழித்தால் கொண்டை. பாவாடையின்மேல் சேலை. கிழங்குக் கூடையை முதுகுக்கு ஏற்றினால் தேயிலைக் கூடை.

வசுமதி எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். தேயிலைச் செடி இடுப்பளவு. அதற்குள் நிற்பவளின் கால் வெளியே தெரியாது. மண்ணைப் பார்த்துக் குனிய அவளுக்கு வேலையும் இல்லை. கடன் வாங்கிய உடம்பில் கால் இருப்பதால் அதை வைக்க இடம் தேடி, எல்லோரும் தங்கள் பெண்களைப் பாதையோரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பாதையில் எதற்காகக் குனிகிறாள், எதைப் பொறுக்குகிறாள் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"இப்பல்லாம் சேலை கட்டி யாரும் கொழுந்து எடுக்கறதில்லையே சார்," என்றாள். "மெஷின்தானே. வெளிநாட்டுப் பையங்க, பூட்ஸ் போட்டுக்கிட்டு."

"அதை வரைஞ்சா எந்த ஹோட்டல்காரன்மா வாங்குவான்?"

அவர் அதை ரகசியம்போல் தாழ்ந்த குரலில் சொன்னார். உன்னைப்போன்றவளுக்குத் தெரியாதா என்ற பாவனையில். அந்தப் பாவனை தோளில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. வசுமதி தோளை அசைத்துக்கொண்டாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த புவனேஸ் என்ற ஆஸ்பத்திரித் தாதியின் அருகில் போய் நின்றாள். புவனேஸ் ஆட்டுக்காரியின் பாதத்தைத் துடைத்துத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கால்தான் வர மாட்டேங்குதுக்கா. சார் எப்பவும் கால்லயே நிப்பாரு."

"அந்த விதை தூவறவர் நல்லா இருக்காரே. அவரை யாரும் போடலையா?"

"ஐயோ, அவரு கடைசிப் பாடம். கால் மண்ணுல நிக்கற வரைக்கும் அவரைத் தொட சார் விட மாட்டாரு. இந்த வகுப்புல இன்னும் யாருமே தொடலை." குரலைத் தாழ்த்தினாள். "ஷர்மினிக்குத்தான் ரொம்ப ஆசை. பாவம், அதுக்குக் கால் வரவே இல்ல. 'உன் பொம்பளைங்க எல்லாம் பறக்கறாங்க டீச்சர், டிக்கெட் வாங்கிட்டாங்களா'ன்னு சார் எல்லார் முன்னாலயும் கேப்பாரு. அது சிரிச்சுக்கும்."

வசுமதி விதை தூவுபவனைப் பார்த்தாள். சரிவில் எட்டு வைத்து இறங்குகிறான். வலது கை பின்னால் வீசியிருக்கிறது. இடது கை வயிற்றருகே, விதை கட்டிய துணியைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. அவள் கைப்பேசியை எடுத்தாள். மருந்தடிப்பவனின் வலது கையில் தெளிப்புக் குழாய். இடது கை வயிற்றருகே பொத்தியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

சிறு வயதில் மருந்தடிப்பவர்களின் பின்னால் ஓடியிருக்கிறாள். அவர்களின் இடது கை ஒரு நொடியும் சும்மா இருக்காது. பக்கவாட்டில் இருக்கும் பிடியை மேலும் கீழுமாக அடித்துக்கொண்டே இருக்கும். அது நின்றால் மருந்து நின்றுவிடும்.

சுவரோரம் பொதி கட்டத் தயாராக ஒரு பெரிய படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஏதோ ஹோட்டலுக்குப் போகவேண்டியது. மூலையில் ஜெகதீஸ்வரன் என்று சுழித்த கையெழுத்து. அதில் மூன்று பெண்கள் கூடையோடு நின்றார்கள். வசுமதி குனிந்து அவர்களின் பாதங்களைப் பார்த்தாள். மூவரும் மிதந்தார்கள்.

மிதக்கும் அந்தப் பாதங்களைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் விமலனின் பலகையின் முன்னால் ஜெகதீஸ்வரன் தவித்துக்கொண்டிருந்தார். விமலன் வரைந்திருந்த வைக்கோல்காரனின் காலைப் பார்க்கிறவர் யாரும் தவிப்பார்கள்.

"இது கால் இல்ல தம்பி. வாழைத்தண்டு."

"சத்துள்ளதுலா சார்."

"கொடுங்க." அவர் தூரிகையைக் கிட்டத்தட்டப் பிடுங்கினார். கருஞ்சிவப்பில் ஊதா கலந்து, குதிகாலுக்குக் கீழே பிறைபோல் ஒரு தீற்று. அதன்மேல் பாதத்தின் எடை. விரல் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம். மூன்றே தீற்றல். வைக்கோல்காரன் பூமியில் இறங்கி நின்றான். அழகாக இருந்தது. அது அழகாக இருந்ததுதான் வசுமதிக்குத் தாங்கவில்லை.

"விமலன்," என்றாள். "கீழே போய் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வா." பிறகு அவன் காதருகே குனிந்தாள். "ஷாமலுக்கும் ஒண்ணு."

அவன் புரிந்துகொண்டான். ஷாமல் இந்த வழக்கின் இன்ஸ்பெக்டர். மோசமான ஆள் இல்லை, அவசரமான ஆள். 'நாளைக்குக் காலைக்குள்ள ஏதாவது இருந்தா கூப்பிடுங்க, காது கொடுக்கறேன்' என்று சொல்லியிருந்தார். விமலன் திரும்பி வந்தபோது அவன் சட்டைப்பையில் கைப்பேசி அழைப்போடு திறந்திருந்தது.

*

மாணவர்கள் சாப்பிட இறங்கிப் போனார்கள். வசுமதி தன் கைப்பேசியை விமலனின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சார், இந்தக் கால் நீங்க இப்பப் போட்டது. இது ஷர்மினி படத்துல இருக்கற கால். ரெண்டையும் பாருங்க."

ஜெகதீஸ்வரன் அவளை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"தங்கராஜு பெண்டாட்டிக்காக வந்திருக்கேன்."

"ஓ." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பதற்றமே இல்லை. "ஷர்மினி என் மாணவி. என் கை அவளுக்கு வந்திருக்கு. அதுல என்ன?"

"அதே படத்துல நாலு பொம்பளைங்களுக்கு வரலையே."

"அந்த நாலும் காப்பி. இவனை நேர்ல பாத்திருக்கா. பாத்து வரைஞ்சா கை தானா வரும். இதைத்தான் போலீஸ்லயும் சொன்னேன்."

"நேர்ல பாத்தவ எடது கையை ஏன் சார் பாக்கல? மருந்தடிக்கறவன் எடது கையால பம்பு அடிச்சுக்கிட்டே இருக்கணும். இவன் வயித்துல கையைப் பொத்தி வெச்சிருக்கான். எதைப் பிடிச்சிருக்கான்?"

அவர் கண் கைப்பேசிக்குப் போகவில்லை. நேராகச் சுவரில் இருந்த விதை தூவுபவனிடம் போனது. உடனே திரும்பியது.

"விதைத் துணியை எடுத்தாச்சு," என்றாள் வசுமதி. "பிடிச்சிருந்த கையை எடுக்கலை."

"அவளே அதைப் பாத்துப் போட்டிருப்பா. சுவர்லதானே தொங்குது. நான் என்ன பூட்டியா வெச்சிருக்கேன்?"

"சார், ஒரு நிமிஷம்லா," என்றான் விமலன். "எனக்கு மண்டையில ஏறலை. இப்பத்தான் நேர்ல பாத்ததுன்னீங்க. இப்ப சுவத்தைப் பாத்ததுங்கறீங்க. எதுன்னு சொன்னா நானும் கத்துக்குவேன்."

வெளியே மழை வலுத்தது. அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நேரில் பார்த்தது என்றால் கை பொருந்தாது. நகல் என்றால் தங்கராஜு அங்கே இருந்ததற்குச் சாட்சியே இல்லை. தங்கராஜுவை விட்டுவிடுவதுதான் லாபம் என்று முடிவுசெய்த கணத்தை வசுமதி பார்த்தாள். விலை குறைந்துபோன சரக்கைத் தள்ளிவிடுகிற வியாபாரியின் முகம்.

"சரி, காப்பின்னே வெச்சுக்குங்க. வயசாயிடுச்சு, நான் தப்பா சொல்லிட்டேன். இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடறேன். பாவம், அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பட்டும். போதுமாம்மா?"

ஒரு வாரமாக ஒருவன் சிமெண்டுத் தரையில் படுத்திருக்கிறான். அதை இவர் ஒரு 'பாவம்' சொல்லி முடித்துவிட்டார்.

"போதும் சார்," என்றான் விமலன். எழுந்து கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். "ஆனா பாருங்கக்கா, அந்த டீச்சர் நாலு பொம்பளைங்களை எவ்வளவு நல்லாப் போட்டிருக்கா. கடைசில இந்த ஆளைக் கொண்டாந்து செருகிப் படத்தையே கெடுத்துட்டா. கையில ஒண்ணுமில்ல, கால் பப்பாளி மரம். இவனை அழிச்சிருந்தா படம் எங்கயோ போயிருக்கும்."

"கெடுத்துட்டாளா?" என்றார் ஜெகதீஸ்வரன்.

"ஆமாலா. மாலையைக்கூட அந்த நாலு பேருக்குத்தான் போடணும்."

"அந்த நாலும் பொம்மைடா." குரல் மாறிவிட்டது. இத்தனை நேரமும் இருந்த இஸ்திரி கலைந்தது. "அவளுக்கு ஜென்மத்துக்கும் கால் வராது. அந்த ஆளைக் கையால மறைச்சுட்டுப் பாரு, படத்துல என்ன இருக்கு? பச்சை இருக்கு. அவ்வளவுதான். அவன் ஒருத்தன்தான் அதைத் தாங்கறான். ஈரச் சாயத்து மேல, மழை வர்றதுக்குள்ள, அழிக்காம ஒரே மூச்சுல யாரு போடுவா அப்படி ஒரு—"

நிறுத்தினார். ஆனால் சொற்கள் வெளியே வந்துவிட்டிருந்தன.

"சொல்லுங்க சார்," என்றாள் வசுமதி. "மழை வர்றதுக்குள்ள."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். வசுமதி சுவரோரம் இருந்த பெரிய படத்தைக் காட்டினாள்.

"இதுல இருக்கற மூணு பேரும் ஷர்மினி போட்டவங்க. கையெழுத்து உங்களுது. எத்தனை ஹோட்டல்ல அவ தொங்கறா? ஒண்ணைப் பாத்துட்டா, இல்லையா? அதைக் கேக்க உங்களை அந்தச் சரிவுக்குக் கூப்பிட்டாளா?"

"என் கான்வாஸ், என் சாயம், என் பாடம்." மிக மெதுவாகச் சொன்னார். "நான் தள்ளலம்மா. கத்தினா. கையைப் பிடிச்சேன், உதறிட்டுப் பின்னால போனா. மண்ணு வழுக்குச்சு."

"கீழ இறங்கிப் பாத்தீங்களா?"

"அவ்வளவு பள்ளம். நான் வயசானவன். பதறிட்டேன்."

வசுமதி அந்தக் குதிகாலைத் திரையில் இன்னும் பெரிதாக்கி அவர் முன்னால் நீட்டினாள். பிறைபோன்ற தீற்று ஓரத்தில்கூடப் பிசிறவில்லை.

"பதறின கையா சார் இது?"

அவர் கைப்பேசியைக் கையால் விலக்கினார்.

"சத்தம் வந்துச்சா?"

"முனகின மாதிரி. கொஞ்ச நேரம்."

"அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"யாரு தள்ளினதுன்னு கேப்பாங்கல்ல? பாதையில ஒரு ஆள் இருந்தா..." அவர் கை தானாக எழுந்து காற்றில் ஒரு தோளை வரைந்தது, இறங்கியது. "அந்தக் குல்லாக்காரன் அடிக்கடி அங்க வருவான். எல்லாருக்கும் தெரியும். அப்புறம் தூறல் ஆரம்பிச்சுது. படத்தை பிளாஸ்டிக் போட்டு மூடிட்டு வந்துட்டேன்."

படத்தை மூடியிருக்கிறார்.

வசுமதி ஜன்னலுக்குப் போனாள். கொக்கியைத் தட்டித் திறந்தாள். எங்கோ தோட்டத்திலிருந்து கோழி எருவின் நாற்றம் முகத்தில் அடித்தது. அதை இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். இந்த அறையின் காற்றுக்கு அது எவ்வளவோ தேவலை. இந்த மனிதனை ஒரு மிருகம் என்று நினைத்துக்கொண்டால் சுலபமாக இருக்கும். ஆனால் மிருகம் ஓடியிருக்கும், அல்லது பயந்து ஊளையிட்டிருக்கும். கீழே ஒருத்தி முனகும்போது மேலே குதிகாலுக்குச் சரியான ஊதாவைத் தேடுவது மனிதனால் மட்டுமே முடியும். நேற்று அந்த ஊதாவைத்தான் அவள் என்ன உயிர் என்று வியந்தாள்.

விமலன் பின்னால் நின்றான்.

படிக்கட்டில் ஷூச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் ஷாமல் நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார். கைப்பேசி இன்னும் காதிலேயே இருந்தது. அதை இறக்க மறந்திருந்தார். வசுமதியின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டு ஜெகதீஸ்வரனிடம் போனார்.

"எந்திரிங்க மாஸ்டர். போலீஸ் பாலாய்க்குப் போலாம்."

ஜெகதீஸ்வரன் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாசலில் ஷர்மினியின் புகைப்படத்தைக் கடக்கும்போது நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று வசுமதி நினைத்தாள்.

"இன்ஸ்பெக்டர், அந்தப் படத்தை ஸ்டேஷன்ல எப்படி வெச்சிருக்கீங்க? இன்னும் காஞ்சிருக்காது. மேல எதையும் சாத்திடாதீங்க."

ஷாமல் அவர் முழங்கையைப் பிடித்து, முகத்தைப் பார்க்காமல் படியிறக்கினார்.

*

தங்கராஜுவை இருட்டுவதற்குள் வெளியே விட்டார்கள். பாஞ்சாலை கடைவாசனை அடிக்கும் ஒரு பையில் துவைத்த சட்டை கொண்டுவந்திருந்தாள். போலீஸ் நிலைய வாசலிலேயே அவனுக்கு மாட்டிவிட ஆரம்பித்தாள். அவன் குழந்தையைப்போல் கையை நீட்டிக்கொண்டு நின்றான். குட்டையான ஆள். படத்தில் இருந்தவனின் உயரம் அவனுக்கு இல்லை. நடையும் அப்படி இல்லை. இடது காலைச் சற்று இழுத்து நடந்தான். இவனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சிவப்புக் குல்லாவே போதுமாக இருந்தது.

"யாருன்னு கண்டுபுடிச்சிட்டீங்களாமே," என்றான்.

"ஆமாங்க."

"அந்த வாத்தியாரா?"

"ஆமா."

தங்கராஜு தலையசைத்தான். பாஞ்சாலை ஒரு பொத்தானைத் தவறான துளையில் போட்டு, அவிழ்த்து, திரும்பப் போட்டாள்.

"அந்த டீச்சர் புள்ள," என்றான், "விழுந்தவொடனே போயிருச்சா?"

வசுமதி விமலனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வாரம் அடைந்து கிடந்தவனுக்கு அந்த ஒரு பொய்யைத் தருவதில் தவறில்லை. ஆனால் இன்றைக்கு முழுக்க ஒழுங்காகச் செய்யப்பட்ட பொய்யைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் குமட்டியிருந்தது.

"இல்லைங்க. கொஞ்ச நேரம் முனகியிருக்கா."

"யாராச்சும் எறங்கித் தூக்கியிருந்தா?"

"பொழைச்சிருக்கலாம்."

எதிர்ச் சாரியில் காய்கறி லோரி ஒன்று தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது. பாஞ்சாலை கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

"அன்னிக்கு நான் வேலைக்குப் போயிருந்தா அந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்கும்," என்றான் தங்கராஜு. "நான் அங்கதானே நின்னுருப்பேன்."